பவுனும் ரீசார்ஜும்: தாமிரபரணிக் கரை இளைஞர்களின் செலவுக் கணக்கு

2024 ஜூலையில் ஜியோவின் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயாக ஏறியது. 28 நாளை ஒரு மாதம் என்று விற்பதால் வருடத்துக்குப் பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். மொத்தம் 3,887 ரூபாய். 2025 அக்டோபரில் சென்னையில் ஆபரணத் தங்கம் சவரனுக்கு 90,000 ரூபாயைத் தொட்டபோது ஒரு கிராமின் விலை 11,250 ரூபாய். ஆக, ஓர் இளைஞன் வருடம் முழுக்கக் கைபேசிக்குக் கட்டிய பணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு கிராம் தங்கத்துக்குச் சமம். தினம் குடிக்கிற இரண்டு டீயையும் அவன் விட்டுவிட்டான், டீ 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருடக் கடைசியில் 10,950 ரூபாய் மிஞ்சும். அப்போதும் ஒரு கிராமுக்கு 300 ரூபாய் குறைகிறது. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் இதற்கு மேல்.

டீயையும் ரீசார்ஜையும் தங்கத்தோடு வைத்துப் பார்ப்பது விளையாட்டுக்காக இல்லை. திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் என்று எந்த ஊரில் பெரியவர்கள் கூடினாலும் பேச்சு ஒருமுறையாவது "பயலுவளுக்குக் காசோட அருமை தெரியல" என்கிற இடத்துக்கு வந்துவிடும். விலை கூடிய செல்போன், தவணையில் எடுத்த பைக், வாரக்கடைசி பிரியாணி, ஆன்லைனில் வந்திறங்கும் சட்டை: குற்றப்பத்திரிகை எப்போதும் இதுதான். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. தேசிய நுகர்வுச் செலவு ஆய்வில் 1999-2000இல் கிராமப்புறக் குடும்பச் செலவில் சுமார் 22 சதவீதம் தானியத்துக்குப் போனது. 2022-23இல் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2023-24 ஆய்வில் உணவுச் செலவுக்குள் மிகப் பெரிய தலைப்பு பானம், தின்பண்டம், சமைத்த உணவு ஆகியவைதான். நாட்டளவில் மொத்தச் செலவில் கிராமத்தில் 9.84 சதவீதமும் நகரத்தில் 11.09 சதவீதமும் அதற்குப் போகின்றன. வாய் ருசி மாறியிருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் பெரிய தொகை போகிற வழி வேறு. பவுன், செய்முறை, கோயில் வரி, கடன் தவணை, வெளியூரில் மூட்டும் இரண்டாவது அடுப்பு. இவற்றில் பலவற்றை வீட்டார் செலவு என்றே சொல்வதில்லை. கடமை என்பார்கள், அல்லது சேமிப்பு என்பார்கள். அரசின் ஆய்வும் இவற்றில் பாதிக்கு மேல் நுகர்வுக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண்ணில் படுகிற செலவுக்குத் திட்டு விழுகிறது. கண்ணில் படாத செலவு சம்பளத்தைத் தின்கிறது.

இளைஞரும் விலைவாசியும் என்ற பேச்சில் இன்று உலகம் முழுக்க எடுத்துக்காட்டாக வருவது தென்கொரியா. 2023இல் அங்கே காக்கோடாக் செயலியில் ‘பிச்சைக்காரர் அறை’ என்ற பெயரில் அரட்டைக் குழுக்கள் பெருகின. உறுப்பினர்கள் அன்றன்றைய செலவை அங்கே பதிய வேண்டும். காபி வாங்கினேன் என்று ஒருவர் எழுதினால் மற்றவர்கள் கூடி நையாண்டி செய்வார்கள். ஒரு நாள் முழுக்க ஒரு காசுகூடச் செலவழிக்காமல் இருப்பது தனிப் போட்டியாகவே நடந்தது. இதற்கெல்லாம் வெகுமுன்பே, 2011இல், காதல், கல்யாணம், குழந்தை மூன்றையும் கைவிட்ட தலைமுறை என்று அங்குள்ள ஒரு நாளிதழ் அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டது. 2023இல் கொரியாவின் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை. அதே ஆண்டில் குடும்பங்களில் 35.5 சதவீதம் தனியாள் குடும்பங்கள்.

சியோலில் குடியிருப்பதற்கு ஒரு வழி நம் ஊர் ஒத்திதான். வீட்டின் விலையில் பெரும்பகுதியை மொத்தமாக உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்பப் பெறுவது. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டு விலை சரிந்தபோது பல உரிமையாளர்களால் அந்தப் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. அதில் மோசடிக் கும்பல்களும் புகுந்தன. பாதிக்கப்பட்டவர்களில் இளைஞர்களே அதிகம், 2023இல் அவர்களுக்காகத் தனிச் சட்டமே வந்தது. வீடு எட்டாது என்று தெரிந்த பிறகு காபியில் மிச்சம் பிடிப்பதா, இருப்பதைத் தின்று தீர்ப்பதா என்ற ஊசலாட்டம் அவர்களுடையது.

திருநெல்வேலி இளைஞரின் நிலை இதற்கு ஏறக்குறைய நேர்மாறு. வீடு இருக்கிறது. ஓட்டு வீடோ, காரை வீடோ, மூன்று சகோதரர்கள் பங்கு போட வேண்டிய வீடோ, தலைக்கு மேல் கூரை உண்டு. அந்த வீடு இருக்கும் ஊரில் வேலை இல்லை.

அந்த வீட்டுக்குள் வாழ்க்கைச் செலவு உண்மையிலேயே குறைவு. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கணக்கிட்டது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை அம்மாவின் கணக்குக்கு மாதம் 1,000. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000. 2024 ஆகஸ்டிலிருந்து பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000. 2023-24 ஆய்வின்படி தமிழ்நாட்டில் தலைக்கு மாதச் செலவு கிராமத்தில் 5,701 ரூபாய், நகரத்தில் 8,165 ரூபாய். இரண்டுக்கும் இடைவெளி 43 சதவீதம். இந்தியா முழுமைக்கும் அது 70 சதவீதம். அம்பாசமுத்திரத்துக்கும் அதைச் சுற்றிய வயல்காட்டு ஊர்களுக்கும் இடையே வாழ்க்கைமுறையில் பெரிய பள்ளம் இல்லை என்பது பேருந்தில் போனாலே தெரியும். இந்த எண்கள் அதற்கு ஒத்துப்போகின்றன.

ஆனால் இந்த ஆய்வு எதைச் செலவு என்று எண்ணுகிறது? உண்டது, உடுத்தது, பயன்படுத்தியது. ஒருவருக்குக் கையில் கொடுத்த பணம், அன்பளிப்பு, நன்கொடை, திருப்பிக் கட்டிய கடன் எல்லாம் நுகர்வு ஆகாது என்று அதன் வரையறை விலக்கிவிடுகிறது. பொருளியல்படி அது சரிதான். மொய் எழுதிய 2,000 ரூபாய் பணம் இடம் மாறியதே தவிர, பண்டம் எதுவும் தீரவில்லை. இன்னொரு விதியும் உண்டு: விடுதியில் தங்குகிறவர் ஒவ்வொருவரும் தனியொரு ஓராள் குடும்பம். மேலப்பாளையத்திலிருந்து போய் வேளச்சேரி விடுதியில் தங்கும் பெண் ஆய்வாளரின் தாளில் ஒரு முழுக் குடும்பம். அவள் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் பணம் அவள் செலவில் வராது. அது மேலப்பாளையத்து வீட்டின் அரிசியாகவும் மீனாகவும் மருந்தாகவும் வேறொரு குடும்பத்தின் பெயரில் பதிவாகும். குடும்பம் சேர்த்து வைத்திருப்பதை ஆய்வு பிரித்துவிடுகிறது. ஆய்வை நான் குறை சொல்லவில்லை. உணவுப் பழக்கம் எப்படி மாறியது என்று அறிய அதைவிட நல்ல கருவி கிடையாது. இளைஞர் சம்பளம் எங்கே போகிறது என்பதைக் கேட்க வேண்டிய இடம் அது இல்லை, அவ்வளவுதான்.

தங்கத்திலிருந்து தொடங்கலாம். 2020 தொடக்கத்தில் சவரன் சுமார் 30,000 ரூபாய். 2025 ஜனவரியில் 60,000, செப்டம்பரில் 80,000, அக்டோபரில் 90,000, அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு லட்சம். நகைக்கடைச் சீட்டு பெரும்பாலும் பதினொரு மாதம். முன்பணத்தை ஒரு வருடத்துக்கு மேல் கையில் வைத்திருந்தால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்ற 2014ஆம் ஆண்டின் கம்பெனி விதிகளால் வந்த கால அளவு அது. மாதம் 5,000 கட்டினால் 55,000. அந்தப் பணத்துக்கு 2020 தொடக்க விலையில் பதினாலரை கிராம் கிடைத்திருக்கும். 2025 அக்டோபர் விலையில் ஐந்து கிராம்கூட முழுசாகக் கிடைக்காது. இருபது பவுன் போட்டு அனுப்புவது என்று ஒரு வீட்டில் முடிவெடுத்திருந்தால், ஆறு லட்சமாக இருந்த காரியம் ஆறே வருடத்துக்குள் பதினெட்டு லட்சமாகிவிட்டது. இந்தக் காலத்தில் எந்தக் கம்பெனியும் எவருக்கும் சம்பளத்தை மும்மடங்காக்கவில்லை.

வரதட்சணை 1961 சட்டப்படி குற்றம். வண்ணார்பேட்டை நகைக்கடைகளில் முகூர்த்த மாதக் கூட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் நினைவுக்கு வராது. "நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க புள்ளைக்கு நீங்க போடுறது" என்ற வாக்கியம் சட்டத்தைவிட வலுவானது. முன்பு இந்தச் சுமை அப்பாவுடையது. இப்போது பெண் தானே வேலைக்குப் போய்த் தன் நகைக்குத் தானே சீட்டுக் கட்டுகிறாள். இதை முன்னேற்றம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் சம்பளம் அவளுடையது என்று ஆவதற்கு முன்பே அடுத்த வீட்டுக்குப் போகும் பொருளாக உருமாறிவிடுகிறது. ஆனாலும் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வங்கியில் போட்ட பணத்தைவிடச் சீட்டில் போட்ட பணம் இந்த ஐந்தாறு வருடத்தில் பலமடங்கு நன்றாகப் பெருகியிருக்கிறது. நகையாகச் சேர்த்தவர்களைப் படிப்பறிவில்லாதவர்கள் என்று சொன்ன நிதி ஆலோசகர்கள் இப்போது சத்தமில்லாமல் இருக்கிறார்கள். ஏற்கெனவே வைத்திருப்பவருக்குத் தங்க விலை வரம். இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றிருக்கும் இருபத்துமூன்று வயதுக்காரிக்கு அது ஓடிக்கொண்டே இருக்கும் பேருந்து.

பணவீக்கக் குறியீடு இந்த வேதனையைக் காட்டாது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் தங்கத்தின் எடை நூற்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமாக இருந்தது. உணவுக்கும் பானத்துக்கும் அது சுமார் 46. தக்காளி விலை இறங்கினால் விலைவாசி இறங்கியதாகச் செய்தி வரும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் அந்தச் செய்தியால் யாருக்கும் நிம்மதி வராது.

தமிழ்நாடு அரசே இந்தத் தங்கக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் தாலிக்கு 2011இலிருந்து 4 கிராமும் 2016இலிருந்து 8 கிராமும் தந்தார்கள்; பட்டதாரிப் பெண்ணுக்குக் கூடவே 50,000 ரூபாய் ரொக்கம். 2022இல் அதே திட்டம் புதுமைப் பெண்ணாக உருமாறியது. கல்யாணத்துக்குக் கொடுத்தது போய், படிக்கும் மாதங்களில் கொடுப்பது என்றானது. மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய். அன்றைய விலையில் அது கிட்டத்தட்ட ஒரு பவுன். இன்றைய விலையில் அரைப் பவுனுக்கும் கீழே. ஆனால் மாதத்துக்கு ஆயிரமாக வருவதால் நோட்டு, விண்ணப்பக் கட்டணம், கைபேசி என்று அந்தப் பெண்ணின் கையாலேயே செலவாகிறது. தங்கத்துக்கு அந்த வாய்ப்பில்லை. திட்டத்தை மாற்றியபோது எழுந்த எதிர்ப்பை நினைத்துப் பார்க்கிறேன். மாற்றியது சரி என்பதே என் கட்சி.

அடுத்தது செய்முறை. தென்பாண்டிச் சீமையில் உறவு என்பது பேரேடு. அக்காளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தம்பி சம்பாதிக்கத் தொடங்கிய முதல் வருடமே தாய்மாமன் ஆகிவிடுவான். காதுகுத்துக்கு மாமன் கம்மல் போட வேண்டும், சடங்குக்குச் சீர் எடுத்துப் போக வேண்டும். தைப்பொங்கலுக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல்படி போக வேண்டும். அப்பா முடியாமல் போனால் அதுவும் தம்பி தலையில். இதற்கு மேல் மொய். முன்பு அப்பா எழுதிய மொய்க்கு இப்போது மகன் பெயர் சேர்ந்துவிட்டது. அவன் சென்னையிலோ துபாயிலோ இருந்தால் ஜிபேயில் அனுப்புகிறான். யுபிஐ வந்த பிறகு ‘ஊரில் இல்லை’ என்ற சாக்கு செல்லாமல் போயிற்று. 2025 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனை முதல்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டியது. அதில் மொய் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

இந்த இடத்தில் கொரியா அவ்வளவு தூரம் இல்லை. அங்கும் கல்யாண வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வெள்ளைக் கவரை வாங்கி, பெயரும் தொகையும் நோட்டில் எழுதுகிறார்கள். அலுவலகத் தோழனுக்கு 50,000 வொன்னா, ஒரு லட்சமா என்பது அங்கே முடியாத விவாதம். கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவர்கள், கொடுத்த கவரெல்லாம் திரும்பி வரப்போவதில்லையே என்று புலம்புகிறார்கள். நம் ஊரில் அந்தப் புலம்பல் கிடையாது. காதுகுத்து, புதுமனை புகுவிழா, சடங்கு என்று வசூலுக்கு வழிகள் பல. மொய் ஒரு வட்டியில்லாக் கடன் என்று அதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. புகழ்ச்சி பாதிதான் சரி. திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியைக் கடன் வாங்கியவன் முடிவு செய்ய முடியாது; கொடுத்தவன் வீட்டு விசேஷம் முடிவு செய்யும். மாதச் சம்பளக்காரனுக்கு இது எவ்வளவு சிரமம் என்று ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்களில் தெரியும்.

கோயில் கொடையை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். சுடலைமாடனுக்கோ இசக்கியம்மனுக்கோ முத்தாரம்மனுக்கோ எடுக்கும் கொடைக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணம் ஆனவுடன் ஒரு பையன் தனித் தலைக்கட்டு. அதுவரை அப்பாவோடு சேர்ந்திருந்த வரி அன்று முதல் அவன் பெயருக்கு. திருப்பூரில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் வரி வந்தாக வேண்டும், ஆளும் வந்தாக வேண்டும். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, வாணவேடிக்கை, கறிச்சாப்பாடு, புதுத்துணி, இதற்காக எடுத்த விடுப்பில் போன சம்பளம் எல்லாம் சேர்த்தால் கொடை மாதத்தில் பல இளைஞர்களின் கணக்கில் ஒன்றும் மிஞ்சாது. பகுத்தறிவுக்காரர்கள் வீண்செலவு என்பார்கள். நான் அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டேன். வருடம் முழுக்க யாருடைய ஊரிலோ இருக்கிறவனுக்குத் தன் ஊரில் ஒரு பெயர் இருக்க வேண்டும். அதற்கான சந்தா அது. வேலை போனால் திரும்பி வந்து நிற்கும் இடத்துக்கும் அதுதான் காப்பீடு. சந்தா விலையேறிக்கொண்டே போகிறது என்பது வேறு விஷயம். மைக் செட்டும் மின்விளக்கும் பெரிதானால் வரியும் பெரிதாகத்தானே ஆகும்.

இரண்டாவது அடுப்பு இதற்கெல்லாம் மேல். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் ரயிலில் சுமார் 650 கிலோமீட்டர். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவோடு இரவாகப் போய்விடலாம். 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் பகலில் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தீபாவளிக்கு இடம் கிடைப்பதுதான் பாடு. 2024 நவம்பர் முதல் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. காலை எட்டு மணிக்கு நாலு பேர் நாலு போனில் தட்டியும் காத்திருப்போர் பட்டியல்தான் என்றால் அடுத்தது ஆம்னி பஸ், அவர்கள் சொல்கிற விலை. வருடத்துக்கு நாலைந்து தடவை ஊருக்குப் போய்வரும் செலவு, அங்கே ஒரு கட்டில் வாடகை, இங்கே வீட்டுக்கு அனுப்புவது. நகரக் குடும்பச் செலவில் வாடகை சராசரியாக ஆறரை சதவீதம்தான் என்கிறது தேசிய ஆய்வு. சொந்த வீட்டுக்காரர்களையும் சேர்த்து எடுத்த சராசரி அது. பழைய மகாபலிபுரம் சாலைக்கு அருகே அறையைப் பகிர்ந்து இருக்கும் நெல்லைப் பையனிடம் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பான்.

ஒரு மாதிரிக் கணக்கு. இது யாருடைய சம்பளச் சீட்டும் இல்லை, விகிதத்தைக் காட்டுவதற்கு மட்டும். சென்னையில் 25,000 சம்பளம். விடுதியும் சாப்பாடும் 9,000, பயணமும் வெளிச்சாப்பாடும் 3,500, ஊருக்குப் போய்வருவதை மாதத்துக்குப் பிரித்தால் 1,500, மற்றது 1,000. மிச்சம் 10,000. அதே ஆள் வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் 16,000 சம்பளத்துக்கு வேலை பார்த்தால், வீட்டுக்கு 3,000, கைச்செலவு 2,000 போக 11,000 மிச்சம். ஒன்பதாயிரம் குறைந்த சம்பளத்தில் ஆயிரம் கூடுதலாக நிற்கிறது. சென்னை போகிறவர்கள் கணக்குத் தெரியாமல் போகவில்லை. 16,000 சம்பள வேலை பக்கத்தில் இருந்தால் போயிருக்கவே மாட்டார்கள். ஐந்து வருடம் கழித்துச் சென்னைச் சம்பளம் ஏறும், உள்ளூர்ச் சம்பளம் ஏறாது என்ற கணிப்பும் அதில் இருக்கிறது.

போகாமல் காத்திருப்பவர்களுக்கும் செலவு உண்டு. 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வில் 3,935 இடங்களுக்குச் சுமார் 13.89 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், ஒரு இடத்துக்கு 350 பேருக்கு மேல். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையில் 1878இல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ், 1895இன் சாரா டக்கர், 1923இன் செயின்ட் சேவியர்ஸ் என்று நூற்றாண்டு கண்ட கல்லூரிகள் இருக்கின்றன. படித்து முடித்தவர்கள் அதே ஊரில் பயிற்சி மையங்களுக்கும் நூலகத்துக்கும் வருகிறார்கள். சம்பாதிக்காத அந்த இரண்டு மூன்று வருடத்துக்கு அம்மாவின் பணமே ஆதாரம்.

அம்மாவின் பணம் பல வீடுகளில் பீடியிலிருந்து வந்தது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையம் பக்கமெல்லாம் மடியில் தட்டை வைத்து இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, கடையில் கொண்டுபோய் எண்ணிக் கொடுத்த கூலி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. 1977இல் பீடித் தொழிலுக்கும் வருங்கால வைப்புநிதி வந்தது. அந்தப் பணத்தில்தான் எத்தனையோ மூத்த பெண்களின் கல்யாணமும் இளைய பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் நடந்தன. அதற்கும் பற்றாதபோது குழுக்கடன். இன்றைக்குக் கட்ட வேண்டிய வாரத் தவணைக்கு மகனிடமிருந்து ஜிபே வந்தாக வேண்டும். குடும்பத்தின் மாதத் தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு விதி போட்டது. வருமானத்தை எழுதும்போது வெளியூர் மகனின் சம்பளத்தையும் சேர்த்து எழுதினால் விதி நிறைவேறிவிடும்.

கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியாததல்ல. 2017 அக்டோபர் 23 அன்று கந்துவட்டிப் புகாரோடு வந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் தீக்கிரையானார். அதீத வட்டித் தடைச் சட்டம் வந்து அப்போது பதினான்கு வருடம் ஆகியிருந்தது. 2025இல் கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க இன்னொரு சட்டம் வந்திருக்கிறது. அதற்குள் கடன் கொடுப்பவர் முகம் மாறிவிட்டது. தண்டல்காரர் தெருவில் நின்று கத்தினார். கடன் செயலி, தொடர்புப் பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தடை செய்யும் வரை ரம்மியில் போன சம்பளமும் கொஞ்சமல்ல. இளைஞர்களைத் திட்ட வேண்டுமென்றால் அதற்குத் திட்டியிருக்கலாம். பிரியாணிக்குத் திட்டிக்கொண்டிருந்தோம்.

வேலை ஊருக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இப்போது இரண்டு இடங்களைப் பார்க்க முடிகிறது. சிற்றாற்றுப் பக்கம் தென்காசியில் 2011இல் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இலிருந்து மத்தளம்பாறையிலேயே குடியிருக்கிறார். அங்கே வேலை பார்ப்பவருக்கு இரண்டாவது அடுப்பு இல்லை. எண்ணிக்கையில் அதைவிடப் பெரியது கங்கைகொண்டான். சிப்காட் வளாகத்தில் டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலையை 2025 பிப்ரவரியில் முதல்வர் திறந்து வைத்தார். தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அதில் நெல்லைக்கு வந்த பங்கு நெடுங்காலம் பீடிதான், அதையும் தொழிற்சாலை என்று எண்ணியதில்லை. பீடி சுற்றிய அம்மாவின் மகள் சீருடை போட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறி, வங்கிக் கணக்கில் சம்பளம் வாங்குகிறாள். அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டை யார் கையில் என்று ஒரு ஆய்வு கேட்குமானால், எத்தனை சதவீதம் உணவு, எத்தனை சதவீதம் துணி என்பதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம். அம்மா பீடிப் பணத்தில் ஒளித்துவைத்த பத்து இருபது ரூபாய் அவளுடையது. மகளின் சம்பளம் வந்து விழும் நிமிடத்தில் குடும்பத்துக்குக் குறுஞ்செய்தி போகிறது, ஏனென்றால் கணக்கோடு இணைத்த எண் பல வீடுகளில் அப்பாவுடையது.

தாமிரபரணிக் கரையில் கூலிக்காக நடந்த மிகப் பெரிய துயரம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுடையது. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும் கைதானவர்களின் விடுதலையும் கேட்டு ஊர்வலம் வந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்த, ஆற்றில் இறங்கிய பதினேழு பேர் செத்தார்கள். எஸ்டேட் கூலி எப்போதும் குறைவு. ஆனால் லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. நூறு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக, நான்கு தலைமுறை வாடகை என்ற செலவே தெரியாமல் வாழ்ந்துவிட்டது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா நிறுவனம் எடுத்த 99 வருடக் குத்தகை 2028இல் முடிகிறது. 2024 ஜூனில் தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுப் படிவம் நீட்டப்பட்டது. மணிமுத்தாறுக்கோ கல்லிடைக்குறிச்சிக்கோ இறங்கி வரும் குடும்பத்துக்கு முதல் செலவு வீட்டு முன்பணம். அதைக் கொடுக்கப்போவது ஏற்கெனவே திருப்பூருக்கும் சென்னைக்கும் இறங்கிப்போய்விட்ட பிள்ளைகள். திரும்பக் கிடைக்கும் பணம் என்பதால் அந்த முன்பணமும் நுகர்வுச் செலவில் சேராது.